சட்டைப்பையில் இருந்த சீல்

தேநீர் குடிக்கப் போகும்போதும் அலுவலகச் சீலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவார், நெற்றி நிறையத் திருநீறு பூசிய அந்த எழுதுவினைஞர். அப்பாவின் மரணச் சான்றிதழுக்குப் போன அம்மாவையும் என்னையும் ஏழு தடவை "நாளைக்கு வாங்கோ" என்று திருப்பி அனுப்பியவர்.

பல வருடம் கழித்து, சான்றிதழ்களைக் கணினியில் வழங்க ஊழியர்களைப் பழக்குவதற்கு அதே அலுவலகத்துக்கு நான் போனேன். பழகித் தேறியவருக்குக் கடவுச்சொல் கொடுப்பதும் என் வேலை. அந்த எழுதுவினைஞர் முதல் நாளே பிழையில்லாமல் செய்துகாட்டினார். கடவுச்சொல் எழுதிய துண்டு என் சட்டைப்பையில்தான் இருந்தது. "நாளைக்கு வாங்கோ" என்றேன். ஏழு நாளும் அதையே சொன்னேன். மறுபேச்சில்லாமல் வந்து நின்றார்.

எட்டாம் நாள் துண்டை நீட்டினேன்.

"ஏழு முடிஞ்சுது. அம்மாட்டைச் சொல்லுங்கோ, தம்பி" என்றார்.

அம்மா அலைந்ததை அவரும் எண்ணியிருக்கிறார். அதைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.