பக்கத்து வீட்டுப் புல்

ஏலத்தில் அந்த வீடு வந்தபோது லவோனியா கிரிம்ஸ்லிக்கு எதிராக ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. வரி கட்டாத வீடுகளை மாவட்ட அலுவலகக் கூடத்தில் ஏலம் விடும் நாள் அது. ஃப்ளோரிடாவின் அந்தப் பக்கத்தில் இதற்கென்றே அலைகிற நாலைந்து பேர் உண்டு. மற்ற வீடுகளுக்கு முட்டி மோதிக்கொண்டு விலையை ஏற்றியவர்கள், இந்த வீட்டின் முறை வந்ததும் காப்பியை உறிஞ்சிக்கொண்டு கூரையைப் பார்த்தார்கள்.

"ஆண்டவரு அவனுங்க வாயைக் கட்டிப்போட்டாரு" என்று ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் சாட்சி சொன்னாள் லவோனியா. சபையே கைதட்டியது. பாவம், ஆண்டவருக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அந்த நாலைந்து பேருக்கு விஷயம் தெரியும், இவளுக்குத் தெரியாது. அவ்வளவுதான்.

அவள் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். இருப்பது வாடகை மனையில் நிற்கும் ஒரு டிரெய்லர் வீட்டில், இழுத்து வந்து நிறுத்திய நீளப் பெட்டி போன்றது. ஏறிப் போக நாலு படி. உள்ளே கதவெல்லாம் ஒடுக்கம். தம்பி ராஸ்கோவுக்குச் சர்க்கரை நோயில் ஒரு கால் போய்விட்டது. அவனுடைய சக்கர நாற்காலி இவள் வீட்டுக்குள் நுழையாது. அதனால் அவன் முதியோர் விடுதியில், யாரோ ஒரு கிழவரின் இருமலோடு ஒரே அறையில் கிடந்தான். பக்கத்து வீடு காலியாக இருந்தது. அகலமான கதவுகள். ஒரு சரிவுப்பாதை போட்டால் போதும், அவன் தானே உருட்டிக்கொண்டு உள்ளே போய்விடுவான். சேமிப்பு முழுவதையும் வழித்துப் போட்டு அவள் அந்த வீட்டை எடுத்தது அதற்காகத்தான்.

விசாரிக்காமல் எடுத்தாள் என்று சொன்னால் எனக்கே கோபம் வரும். மாவட்ட அலுவலகத்தில் கேட்டாள். "இதுமேல பேங்க் லோன் இருக்கே?"

"அது ஏலத்தோட போயிடும்மா" என்றார்கள்.

போயிடும் என்ற சொல் காதில் விழுந்ததும் அவள் மனம் நிறைந்துவிட்டது. ஏலம் எல்லாவற்றையும் கழுவித் துடைத்துவிடும் என்றுதான் அந்தத் தெருவே நம்பிக்கொண்டிருந்தது. எது போகாது என்று கேட்க யாருக்குத் தோன்றும்?

சரிவுப்பாதைக்கு அனுமதி வாங்க நகராட்சிக்குப் போனபோதுதான் தெரிந்தது. கணினியைப் பார்த்த பெண் முகத்தைச் சுளித்தாள்.

"இந்த வீட்டு மேல எங்க அபராதம் நிக்குதும்மா. அதைக் கட்டினாத்தான் அனுமதி."

"ஏலத்துல எடுத்தேன் கண்ணு. பழசெல்லாம் போயிடுச்சுல்ல?"

"பேங்க் கடன் போகும். நகராட்சி அபராதம் போகாது. வீடு யார் கைக்குப் போனாலும் கூடவே வரும்."

"எதுக்கு அபராதம்?"

"புல்லு வளர்ந்ததுக்கு. அக்கம்பக்கத்துல யாரோ புகார் குடுத்திருக்காங்க. அன்னையிலேர்ந்து தினமும் ஏறுது."

அந்த யாரோ லவோனியாதான். பல வருடங்களுக்கு முன், பக்கத்து வீட்டுக்காரன் ஊரை விட்டே ஓடியபின், இடுப்புயரப் புல்லிலிருந்து ஒரு பாம்பு அவள் படிக்கடியில் வந்து சுருண்டது. நகராட்சிக்குப் போன் போட்டுக் கத்தினாள். புல்லை வெட்ட யாரும் வரவில்லை. சலித்துப்போய்த் தானே ஒரு புல்வெட்டும் இயந்திரம் வாங்கி, அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் வெட்டி வருகிறாள்.

"அப்பவே வெட்டியாச்சும்மா! நான்தான் வெட்டினேன்!"

"வெட்டியாச்சுன்னு யாராச்சும் சொல்லி, இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டாத்தான் நிக்கும். யாரும் சொல்லலியே."

மறுநாள் இன்ஸ்பெக்டர் வந்தார். "அழகா வெச்சிருக்கீங்க" என்று மெச்சிக் கையெழுத்துப் போட்டார். அபராதம் அன்றோடு நின்றது. ஏறியது ஏறியதுதான், வீட்டு விலையைப் போல இரண்டு மடங்கு.

குறைக்கச் சொல்லி, அபராதங்களை விசாரிக்கும் நகராட்சிக் குழுவின் முன் போய் நின்றாள். தலைவர் இரும்புக் கடைக்காரர். அவருடைய மூன்று பிள்ளைகளையும் பள்ளிக்கு ஏற்றிப்போனவள் இவள்தான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஏலத்துல எடுத்தவங்களுக்குக் குறைக்கிற வழக்கம் இல்லை லவோனியா. பார்த்துத்தானே எடுக்கணும்?"

மாவட்டத்தில் வீட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டார்கள். அபராதத்தோடு வேறு எவனும் வாங்க மாட்டான். நகராட்சி வழக்குப் போட்டால் வீடு மறுபடி ஏலத்துக்குப் போகும். அவள் செய்வதற்கு மிஞ்சியிருந்தது ஒன்றுதான். சனிக்கிழமை வந்தால் புல் வெட்டினாள். வெட்டாவிட்டால் புது அபராதம்.

அப்படி ஒரு சனிக்கிழமை, அவள் படியில் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ராஸ்கோ போன் செய்தான்.

"அக்கா, நான் எப்ப வரட்டும்?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள், ஒன்றைத் தவிர. அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"போன் போட்டுக் கொளுத்திவிட்ட அந்த மகராசி யாரு? கண்டுபிடிச்சுச் சொல்லு. அவ வாசல்ல போய்ச் சக்கர நாற்காலியோட உக்காந்துக்கறேன். நகர மாட்டேன்."

லவோனியா தன் நாலு படிகளையும் பார்த்தாள்.

"வாடா" என்றாள். "என் வாசலுக்கே வந்து உக்காரு. உள்ளதான் கூட்டிட்டுப் போக முடியாது."