மீன்கொத்திச் சுவரில் நார்ப்பாய்

துணி வெட்டும் கத்திரிக்கோலை இரண்டு கைகளாலும் அழுத்தி, ஆற்றங்கரைச் சுவரை மூடியிருந்த தென்னை நார்ப்பாயை அவள் அறுத்துக்கொண்டிருந்தாள். துணியைத் தவிர வேறெதன் மேலும் அந்தக் கத்திரி பட விட்டதில்லை. வீட்டில் யாராவது காகிதம் வெட்டினாலே சண்டைதான். இப்போது நாரும் மண்ணும் அதன் வாயை மழுக்கிக்கொண்டிருந்தன.

"யாராவது சொல்லுங்கப்பா, பாயைக் கிழிக்கிறா," என்றார் கரைமேல் நின்ற அவளுடைய அக்காள் கணவர். ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். ஆற்றைப் பராமரிக்கும் ஊர்க் குழுவின் தலைவர்.

மற்றவர்கள் ஓரடி பின்வாங்கினார்கள். குழுவில் அவளுக்குக் 'கத்திரி' என்று பெயர் வந்தது தையல் தொழிலால் மட்டுமல்ல.

அவளுடையது பள்ளிச் சீருடை தைக்கும் கடை. ஞாயிறு காலைகளில் ஆற்றில் பறவைகளைக் கண்காணிப்பாள். செங்குத்தான இந்த மண்சுவரில் மீன்கொத்திகள் பொந்து குடைந்திருந்தன. பறவை இரையோடு நுழையும் பொந்துக்கு மேலே குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டுவாள். உள்ளே குஞ்சு இருக்கிறது, கிட்டே போகாதே என்று அர்த்தம். குழுவில் அது தெரியாதவர் கிடையாது.

ஆற்று வளைவுக்கு அப்பால் கரை சரியும் இடத்தில், மண் அரிக்காமலிருக்கப் பாய் விரித்துப் புல் நடுவதாகத்தான் பேச்சு. பாய்களை ஒட்டுப்போட்டுத் தைத்தவளும் அவளே. இன்று கடை வேலை முடித்துத் தாமதமாக வந்தால், பாய் மண்சுவரை மூடிக் கிடந்தது. சிவப்புத் துணிகள் குப்பை மூட்டையில். அலகில் மீனோடு ஒரு பறவை பாயில் மோதி, விலகி, மறுபடி மோதியது.

"துணி கட்டியிருந்தேனே மாமா, கண்ணு தெரியலையா?"

"தெரிஞ்சுது. நாளைக்குப் பெரிய ஆளுங்க நம்ம வேலையைப் பார்க்க வர்றாங்க. கரை பூரா கந்தல் தொங்கினா நல்லாவா இருக்கும்?"

"அப்போ தெரிஞ்சேதான் பண்ணியிருக்கீங்க."

"அதுக்கு இறக்கை இருக்கும்மா. வேற இடம் பார்த்துக்கும்."

"குஞ்சுக்கு இருக்கா? உங்க வீட்டு வாசலை அடைச்சுட்டு, அக்கா வேற வீடு பார்த்துக்கட்டும்னு விட்டுடுவீங்களா?"

யாரோ சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இடுப்பில் கயிறு கட்டி இறங்கிப் பாயில் காதை வைத்தாள். உள்ளே கரகரவென்று பசிக் குரல். பாயை அடித்திருந்த மூங்கில் முளைகளைப் பிடுங்கினால் மண் பெயர்ந்து பொந்து இடிந்துவிடும். முளைகளை விட்டுவிட்டுப் பாயைத்தான் வெட்ட வேண்டும். அப்போதுதான் கத்திரியை எடுத்தாள்.

"மழை வந்தா சுவரே சரியும். அப்ப உன் குஞ்சு மிஞ்சுமா?" என்று மேலிருந்து கேட்டார்.

"தண்ணி அரிக்கிறது அடியில. அங்க போட்டிருக்கணும். அங்க போட்டா வர்றவங்க கண்ணுக்குத் தெரியாது, அதானே?"

அவர் குனிந்து சுவரின் அடியை எட்டிப் பார்த்தார்.

கடைசி நார் அறுந்து பாய் கீழே விழுந்தது. அவள் மணலில் இறங்கி ஒதுங்கியதும் பறவை நேராகப் பொந்துக்குள் போனது.

வெட்டிய ஓரங்களில் நார் பிரிந்து தொங்கியது. எவ்வளவு கோபமானாலும் பிசிறு தொங்கும் ஓரத்தை அவளால் விட முடியாது. மணலில் உட்கார்ந்து ஓரத்தை மடித்து, கோணி ஊசியால் தைத்தாள். இழுத்த இழுப்பில் சணல் விரலை அறுத்தது.

அவர் சுத்தியலோடு தானே இறங்கி வந்து நின்றார்.

"நாளைக்கு வர்றவங்ககிட்ட நான் என்னத்தைச் சொல்ல?"

"குஞ்சு இருந்த பொந்தை அடைச்சேன், மச்சினி கிழிச்சுப் போட்டான்னு சொல்லுங்க."

"சரி... இதை எதுவரைக்கும் அடிக்கணும்?"

"சுவர் அடியிலேர்ந்து முழங்கால் உயரம். ஒரு சாண் மேல ஏறினாலும் திரும்பக் கிழிப்பேன்."

சணலைப் பல்லால் கடித்து அறுத்து, தைத்து முடித்த பாயை அவர் கையில் திணித்தாள்.