கம்பளி உடுப்பில் வந்த அமெரிக்கர்கள்

நோர்வேயில், நாங்கள் இருக்கிற வெஸ்ட்லியில், எதிர்வீட்டு நோர்வேக்காரரைப் பார்க்க, போன கோடையில் அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் ஐந்து பேர் வந்தார்கள். அவர்களுடைய பூட்டனின் தகப்பன் கப்பலேறிப் போய், மரமே இல்லாத புல்வெளியில் மண்கட்டிகளை அடுக்கி வீடு கட்டிக் குடியேறியவராம். அந்தக் குடும்பக் கதையைப் படங்களோடு தடித்த புத்தகமாகவே கொண்டு வந்திருந்தார்கள்.

என் கண்ணோ அவர்கள் உடுப்பில்தான் நின்றது. வேர்த்து வடிகிற வெயிலில் ஐந்து பேரும் கம்பளிப் புனாட் போட்டு, வெள்ளிப் பதக்கமும் குத்தியிருந்தார்கள். கலியாணத்துக்கும் தேசிய தினத்துக்கும் இங்கே போடுகிற உடுப்பு அது. கதவைத் திறந்த மனிதர் அரைக்காற்சட்டையோடு நின்று வெட்கத்தில் சிவந்துபோனார்.

நான் வீட்டுக்குள் வந்து விழுந்து விழுந்து சிரித்தேன். "சும்மா நாளிலை ஆரப்பா உப்பிடி வெளிக்கிட்டு வருவினம்?"

என் கணவர் தேத்தண்ணியிலிருந்து தலையை நிமிர்த்தவேயில்லை. "போன முறை ஊருக்குப் போகேக்கை, கொதிக்கிற வெயிலுக்கை பட்டுச் சேலையோடை வாகனத்தாலை இறங்கினது ஆர்? உம்மடை தங்கச்சி நைட்டியோடையெல்லே வந்து படலை திறந்தவ."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அலுமாரியைத் திறந்து அதே சேலையை எடுத்து உடுத்தேன். காலையில் சுட்ட வடையைத் தட்டில் அடுக்கிக்கொண்டு போய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். புனாட்டுக்காரர் ஐந்து பேரும் என்னைத் தங்கள் ஆளைக் கண்டது போலவே எழும்பி வரவேற்றார்கள்.