பூஜையிலிருந்து உருவிய நோட்டு

மகள் காலேஜ் போகத் தொடங்கிய பிறகுதான் எனக்குக் கையெழுத்துப் பைத்தியம் பிடித்தது. பூதலூர் கடைகளில் கிடைக்காத பிரஷ் பேனாவையும் பூப்போட்ட ஒட்டு டேப்பையும் தபாலில் வரவழைத்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தடித்த நோட்டில் அன்றைய நாளை அலங்கரித்து எழுதுவேன். வாய்க்காலில் தண்ணீர் வந்ததா, நடவுக்கு ஆள் கிடைத்ததா என்பதுதான் விஷயம். ஆனால் தலைப்பெழுத்துக்கு நிழல் கட்டுவேன், ஓரத்தில் கொடி விடுவேன். 'ழ'வின் வால் சரியாக வளையும்வரை பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிப் பார்ப்பேன். ஓர் எழுத்து நன்றாக விழுந்துவிட்டால் வரும் சந்தோஷத்தை எந்த நகையும் எனக்குத் தந்ததில்லை.

என் வீட்டுக்காரர் இதற்கு வைத்த பெயர் விளையாட்டு. "விளையாடி முடிச்சாச்சா?" என்று கேட்டுக்கொண்டேதான் வீட்டுக்குள் வருவார். கேலிதான், கெட்ட எண்ணம் கிடையாது. எனக்குத்தான் சுருக்கென்று இருக்கும். இதுவும் வேலைதான் என்று இந்த மனுஷனை ஒப்புக்கொள்ள வைக்காமல் விடுவதில்லை என்று கறுவிக்கொண்டிருந்தேன்.

போன வருடம், என்னைப் போன்ற சிலர் சேர்ந்து விஜயதசமி காலையில் தஞ்சாவூரில் ஒரு மண்டபத்தில் எங்கள் நோட்டுகளைக் காட்சிக்கு வைக்க ஏற்பாடு செய்தோம். அதற்காகக் குறுவை அறுவடையை நோட்டில் ஒரு பக்கமாக எழுதி வரைந்தேன். ஓரமெல்லாம் சாய்ந்த கதிர், பச்சை மையில் வரப்புகள், நடுவில் பெரிதாகக் 'குறுவை'. கண் வலிக்க வலிக்க உட்கார்ந்து செய்த பக்கம்.

காட்சிக்கு முதல் நாள் சரஸ்வதி பூஜை. நான் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தபோது அவர் பூஜைக்கு அடுக்கினார். மகளின் புத்தகங்கள், அரிவாள், ஸ்பேனர், டிராக்டர் சாவி. எல்லாவற்றுக்கும் மேலே என் நோட்டு, அதுவும் விரித்தபடி. மற்றதற்கெல்லாம் பொட்டு வைத்த கையோடு அந்தப் பக்கத்திலும் குழைத்த சந்தனத்தை அப்பி, குங்குமம் வைத்திருந்தார். என் மை ஈரம் பட்டால் கரைந்துவிடும். 'குறுவை' பச்சைக் குழம்பாகக் கிடந்தது.

"நல்ல பக்கமா பாத்துத்தான் விரிச்சு வச்சேன்" என்றார். பெருமையாகத்தான் செய்திருக்கிறார். அது புரிந்ததால் கோபம் குறைந்ததா என்றால், இல்லை. ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

தீபாராதனை முடிந்ததும் நோட்டை உருவினேன். அவர் பதறிவிட்டார்.

"நாளைக்குக் காலையிலதான் எடுக்கணும். இன்னைக்கு எழுதக் கூடாதும்மா."

சொன்னவர் கையில் டிராக்டர் சாவி இருந்தது. அதன் பொட்டுகூடக் காயவில்லை. திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் வானம் கறுத்திருந்தது. அறுத்த நெல் களத்தில் கிடந்தது.

"நீங்க மட்டும் சாவிய எடுக்கலாமா?"

"மழ வருதுல்ல. நெல்லு நனஞ்சிடும்."

"என் பக்கமும் காலையில தஞ்சாவூர் போயாகணுங்க. உங்க வேல நிக்காதுன்னா என் வேலையும் நிக்காது."

சாவியோடு களத்துக்குப் போனார். எழுதியதற்காகச் சரஸ்வதியே கோபித்துக்கொண்டால் அவளிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்று அடுத்த பக்கத்தைப் பிரித்தேன். முதல் கோடு கோணிற்று, அதையே கதிராக மாற்றினேன்.

மழைக்கு முன்பே நெல்லை ஏற்றிவிட்டு அவர் திரும்பிய நேரத்தில், பக்கத்து வீட்டு அக்கா தாம்பூலத்துக்கு வந்து வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டார். நான் 'வை'யின் சுழியில் இருந்தேன். வழக்கமாக அப்படியே போட்டுவிட்டு எழுந்து ஓடுகிறவள், அன்று தலையைத் தூக்கவில்லை.

கால் கழுவிக்கொண்டிருந்தவர்தான் பதில் சொன்னார்.

"அவ வேலையா இருக்கா. நீங்க உள்ள வந்து உக்காருங்கக்கா, காபி நான் போடுறேன்."

அவர் போடும் காபி வாயில் வைக்க விளங்காது. எனக்கும் ஒரு டம்ளர் கொண்டுவந்தார். கை பட்டுச் சாய்ந்தாலும் நோட்டில் சிந்தாத தூரத்தில் அதை வைத்துவிட்டு, சத்தமில்லாமல் போனார்.