கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த கழிப்பறை

அக்காவின் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போட்டவன் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது வந்து உங்கள் காதில் ஓதினால் எனக்குக் கேவலம்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. விமான நிலையத்துக்கு வெளியே, போன் ஆப்பில் கார் ஓட்டுகிறவர்கள் சவாரிக்குக் காத்திருக்கும் பொட்டல் ஒன்று உண்டு. அங்கே நிற்கும் அறுபது எழுபது பேருக்கும் அவர் அக்காதான். என்னை எல்லோரும் மீசை என்று கூப்பிடுவார்கள். காரணம் என் முகத்திலேயே இருக்கிறது.

அக்கா ஆப்புக்கு வருவதற்கு முன் ஆறு வருடம் பக்கத்து டாக்ஸி ஸ்டாண்டில் ஓட்டினார். வண்டி முதலாளியுடையது. ஓடினாலும் ஓடாவிட்டாலும் தினவாடகையைக் கட்டியாக வேண்டும். ஆனால் மீட்டர் காட்டிய காசில் வேறு யாரும் கை வைக்க மாட்டார்கள். கூரை உண்டு, பெஞ்சு உண்டு, மின்விசிறி உண்டு, சங்கம் கட்டிய கழிப்பறையும் உண்டு. வரிசைக்கு ஒரு நோட்டு. அதில் வண்டி எண்ணை எழுதிவிட்டால் சாப்பிடப் போகலாம், குட்டித் தூக்கம் போடலாம், இடம் எங்கும் போகாது.

எத்தனை நாள்தான் அடுத்தவர் வண்டியை ஓட்டுவது என்று கடனில் சொந்தக் கார் எடுத்து ஆப்பில் சேர்ந்தார். சவாரி கூடியது, உண்மைதான். ஆனால் நூறு வந்தால் இருபத்தைந்தைக் கம்பெனி பிடித்துக்கொள்ளும். பெட்ரோல், டயர், பழுது எல்லாம் நம் தலையில். பின்சீட்டில் இருப்பவருக்கு வீட்டில் சண்டை என்றால் நமக்கு ஒரு நட்சத்திரம் குறையும்.

அந்த ஸ்டாண்டுச் சங்கத்தின் செயலாளர் அக்காவின் சொந்த அண்ணன். தங்கை ஆப்பில் சேர்ந்த அன்று, "எங்க சவாரிய எல்லாம் அந்த போன்தான் முழுங்குது. நீயும் அதுக்கு ஊட்டப் போறியா?" என்று கேட்டவர், அதற்குப் பிறகு இரண்டு வருடம் வாய் திறக்கவில்லை. ஆனாலும் அக்கா கழிப்பறைக்கு வந்தால் சாவியை வெளியே ஆணியில் மாட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். கோபத்திலும் அவ்வளவு பாசம் இருந்தது.

பொட்டலில் கழிப்பறை கிடையாது. ஆண்களுக்குச் சுற்றுச்சுவர் இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அக்காவுக்கும் இன்னும் இரண்டு பெண்களுக்கும் ஸ்டாண்டுக் கழிப்பறைதான் கதி. அறுபது தப்படி தூரம். இதில் என்ன கஷ்டம் என்றால், கம்பெனி பொட்டலைச் சுற்றிப் போன் வரைபடத்தில் ஒரு கோடு போட்டிருந்தது. போன் அந்தக் கோட்டுக்குள் இருக்கும்வரைதான் வரிசையில் நமக்கு இடம். தாண்டினால் எண் அழிந்துவிடும். திரும்பி வந்தால் கடைசி ஆள். இரண்டு மணி நேரம் காத்திருந்து மூன்றாவது இடத்துக்கு வந்தவர் கழிப்பறைக்குப் போனால் அந்த இரண்டு மணி நேரமும் தண்ணீரோடு போய்விடும்.

அதனால் அக்கா போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் போவார். அன்றும் அப்படித்தான் கொடுத்தார். அவர் நான்காவது இடத்தில் இருந்தார். அவர் தலை மறைந்ததும் போன் முகத்தைக் கேட்டது. ஓட்டுவது நாம்தானா என்று பார்க்க இப்படித் திடீர் திடீரென்று கேட்கும். ஒரு நிமிடத்துக்குள் கேமராவில் காட்ட வேண்டும். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பேசாமல் விட்டிருந்தால் வரிசையில் அந்த இடம் மட்டும்தான் போயிருக்கும். நான் என் முகத்தைக் காட்டினேன். ஒரு முறை அல்ல, மூன்று முறை. மூன்றாவது முறை கொஞ்சம் சிரித்துக்கூடப் பார்த்தேன்.

அக்காவின் கணக்கு முடக்கப்பட்டது. கணக்கை வேறு ஆளுக்கு வாடகைக்கு விட்டார் என்று குற்றச்சாட்டு.

மறுநாள் இருவரும் கம்பெனி அலுவலகத்துக்குப் போனோம். டோக்கன் வாங்கி, ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரியிடம் நடந்ததைச் சொன்னோம். சாட்சிக்கு என் மீசையும் வந்திருந்தது.

"நீங்க கோட்ட தாண்டாம இருந்திருக்கலாமே மேடம்" என்றார் அதிகாரி.

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "சார், நீங்க பாத்ரூம் போயிட்டு வர்றதுக்குள்ள உங்க நாற்காலிய வேற யாராச்சும் தூக்கிட்டுப் போவாங்களா?"

அதிகாரி கணினியைப் பார்த்தபடியே, "விசாரணையில இருக்கு. தகவல் வரும்" என்றார்.

பத்து நாள் ஆகியும் தகவல் வரவில்லை. இரண்டு தவணை தப்பினால் காரைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், அதில் ஒன்று தப்பியாகிவிட்டது. பதினோராம் நாள் காலை அக்கா பஸ் பிடித்துப் பொட்டலுக்கு வந்தார். கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு.

"பத்து மணிக்கு நாலு விமானம் வருது. அப்ப எல்லாரும் போன எடுத்துட்டு என்கூட பாத்ரூமுக்கு வாங்க" என்றார்.

"வரிசை போயிடுமேக்கா!" என்று நாலா பக்கமும் குரல் எழுந்தது.

"ஒருத்தர் போனா போகும். எல்லாரும் ஒண்ணா போனா யாரு முன்னாடி, யாரு பின்னாடி? இப்ப இருக்கிற வரிசைய இந்த நோட்டுல எழுதிக்கிறேன். திரும்பி வரும்போது அதே வரிசையில உள்ள வாங்க. ஸ்டாண்டுல ஆறு வருஷம் நான் இப்படித்தானே ஓட்டினேன்?"

இவ்வளவு சுலபமா என்று எங்களுக்கே வெட்கமாகிவிட்டது. அக்கா அறுபத்திரண்டு வண்டி எண்களையும் வரிசையாக எழுதினார். பத்து அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது, கார்களைப் பூட்டிவிட்டு நடந்தோம். கோட்டைத் தாண்டத் தாண்ட ஒவ்வொரு போனிலும் எண் அழிந்தது. அக்கா திரும்பியே பார்க்கவில்லை.

ஸ்டாண்டில் அண்ணன் எங்கள் படையைப் பார்த்து எழுந்து நின்றார்.

"அண்ணே, சாவி" என்றார் அக்கா.

இரண்டு வருட மௌனம். எல்லோரும் அண்ணனின் வாயையே பார்த்தோம்.

"எத்தன பேரு?"

"அறுபத்திரண்டு."

"தொட்டித் தண்ணி தீந்துடுமே."

"மெதுவா போறோம்ணே. யாருக்கும் அவசரமே இல்ல."

அண்ணனுக்குப் புரிய இரண்டு நொடி ஆனது. பிறகு தொப்பை குலுங்கச் சிரித்தார். சாவியை ஆணியில் மாட்டவில்லை, தங்கையின் கையில் கொடுத்தார். திரும்பி, "டேய், தூங்குறவன எல்லாம் எழுப்புங்கடா! இன்னைக்கு நம்ம மீட்டர் ஓடப்போகுது!" என்று தன் ஆட்களுக்குக் குரல் கொடுத்தார்.

ஓடியது. பெட்டி படுக்கையோடு வெளியே வந்த பயணிகள் போனைத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். வண்டி இல்லை, வண்டி இல்லை என்றே அது சொன்னது. டாக்ஸிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்பட்டன. போகும் டிரைவர்கள் எங்களைப் பார்த்து ஹாரன் அடித்துக்கொண்டே போனார்கள். நேற்றுவரை முறைத்தவர்கள்!

பதினொன்றரை மணிக்கு அதே அதிகாரி வியர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார். "ஸ்ட்ரைக் பண்ண உங்களுக்கு அனுமதி கிடையாது!"

"ஸ்ட்ரைக்கா? பாத்ரூம் வரிசை சார் இது" என்றார் அக்கா. "அவசரம்னா சொல்லுங்க, உங்கள முன்னாடி விடுறோம்."

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. அதிகாரி ஓரமாகப் போய் யார் யாருக்கோ போன் போட்டார். நாங்கள் அசையவில்லை. முதல் முறை கழிப்பறைக்குப் போனவர்கள் இரண்டாம் முறைக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள்.

ஒன்றே கால் மணிக்கு எல்லாப் போன்களும் ஒரே நேரத்தில் ஒலித்தன. காத்திருக்கும் எல்லை ஸ்டாண்டுக் கழிப்பறைவரை நீட்டப்பட்டுள்ளது என்று செய்தி. அடுத்த நிமிடம் அக்காவின் போன் தனியாக ஒலித்தது. கணக்குத் திறந்துவிட்டது. அக்கா அழுதார். நான் அவரைவிடச் சத்தமாக அழுதேன்.

நோட்டைப் பார்த்து ஒவ்வொரு வண்டி எண்ணாக அவரே வாசிக்க, அறுபத்திரண்டு பேரும் ஆப்பை மூடி, பழைய வரிசையிலேயே பொட்டலுக்குள் போய் ஒவ்வொருவராக அதைத் திறந்தோம். ஒருவர் இடம்கூட மாறவில்லை. எல்லோருக்கும் பிறகு அக்கா தன் ஆப்பைத் திறந்தார். பிறகு போனை முகத்துக்கு நேரே பிடித்தபடி, பொட்டலிலிருந்து ஸ்டாண்டை நோக்கித் தனியாக நடந்தார். பழைய கோட்டைத் தாண்டினார். கழிப்பறை வாசலில் போய் நின்றார்.

"என்ன நம்பர் காட்டுது?" என்றார் அண்ணன்.

"அறுபத்து மூணு."

"கடைசியா?"

"கடைசிதான் அண்ணே!" அக்காவின் குரல் பொட்டல் முழுக்கக் கேட்டது. "இங்க வந்து நின்னும் அதே அறுபத்து மூணுதான்!"