சுவருக்கு அந்தப் பக்கம்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், என் வீட்டுக்கும் மேரி வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். அங்கே இருமினால் இங்கே கேட்கும்.

அன்று பொழுது சாயும் நேரம், எங்கள் சபையின் வாட்ஸ்அப் குழுவில் மேரி எழுதியிருந்தாள். பதுளை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கும் மகளுக்கு மறுநாள் ஆபரேஷன், எல்லாரும் ஜெபம் பண்ணுங்கள் என்று. நான் உடனே 'ஜெபிக்கிறேன்' என்று போட்டு, கூப்பிய கைகளையும் வைத்தேன். முதல் பதில் என்னுடையது என்பதில் சின்னப் பெருமை வேறு. பிறகு இயர்போனை மாட்டிக்கொண்டு, படுக்கும்வரை வீடியோ வீடியோவாகத் தள்ளிக்கொண்டிருந்தேன். ஜெபம் நினைவிலேயே இல்லை.

மறுநாள் காலை லயத்துப் பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது மேரி வந்தாள். பதுளை பஸ்ஸுக்குக் கிளம்பியிருந்தாள்.

"நேத்து டிவி கூட போடலக்கா. நீங்க எங்க புள்ளைக்காக முழங்கால்ல நிக்கிறப்ப எடஞ்சலா இருக்கக் கூடாதுல்ல. ஒங்க வீட்லயும் சத்தமே இல்ல. அதுலயே எனக்குத் தைரியம் வந்துருச்சு."

குடம் நிரம்பி வழிந்தது. எடுக்கத் தோன்றவில்லை.

"நான் ஜெபிக்கல மேரி. போன் பாத்துக்கிட்டு இருந்தேன்."

அவள் முகம் சுருங்கியது. திட்டுவாள் என்றுதான் நினைத்தேன். கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள்.

"பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்குக்கா. இப்ப பண்ணுங்க."

அந்த ஈரத் தரையிலேயே முழங்கால் போட்டேன்.

பிள்ளை நல்லபடியாக வீடு திரும்பினாள். இப்போதும் குழுவில் கூப்பிய கைகளை அனுப்புகிறேன், முழங்காலில் நின்று ஜெபித்து எழுந்த பிறகு. அந்தப் பக்கம் யாரோ எனக்காக டிவியை நிறுத்தி வைத்திருக்கலாம்.