தலைவரின் காலர்

கார் நிறுத்துமிடத்தை ஒட்டிய கழிப்பறையில் தலைவர் சட்டை மாற்றிக்கொண்டிருப்பார். வீட்டிலிருந்து வரும்போது சாதாரணக் கட்டம்போட்ட சட்டை. கையில் ஒரு துணிப்பை, அதற்குள் சுருட்டி வைத்த பச்சைச் சீருடை. அதைத் தலைவழியே மாட்டி அவசரமாக இழுப்பதில் காலர் ஒரு பக்கம் உள்ளே மடிந்துகொள்ளும். எதிரே ஆளுயரக் கண்ணாடி இருக்கிறது. அதைப் பார்க்க மாட்டார். பக்கத்துக் குழாயில் முகம் கழுவிக்கொண்டிருக்கும் என்னையும் பார்க்க மாட்டார். வெளியே வந்து, புறப்பாட்டுக் கூடத்தின் நடுவே நடக்காமல், சுவரோரமாகத் தூண்களுக்குப் பின்னாலேயே போய்த் தன் கவுண்டருக்குள் நுழைந்துவிடுவார். சொந்த வேலைக்கு இப்படித் திருட்டுத்தனமாகப் போகிற ஆளை நான் வேறெங்கும் கண்டதில்லை.

என் புத்தகக் கடை அந்தக் கவுண்டர்களுக்கு நேர் எதிரே இருக்கிறது. விமான நிலையத்தில் புத்தகம் வாங்குகிறவர்கள் குறைவு என்பதால் வேடிக்கை பார்க்க எனக்கு நேரம் அதிகம். தலைவரும் என்னிடம் ஒரு புத்தகம் வாங்கியது கிடையாது. பின்னட்டைகளை எல்லாம் வரிசையாகப் படித்துவிட்டு, "கதைதான் தெரிஞ்சு போச்சே, இனி எதுக்குங்க வாங்கணும்?" என்பார். அது பழைய விமானக் கம்பெனியின் நீலக் கோட்டை அவர் போட்டிருந்த காலம். அப்போது அவர் இந்தக் கூடத்தின் ராஜா.

பழைய கம்பெனியின் ஊழியர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். பேரே அதுவாகிவிட்டது. மைக் தேவைப்படாத குரல். யாருக்கு எந்தச் சிக்கல் வந்தாலும், விடுப்பு மறுக்கப்பட்டாலும், பயணியிடம் திட்டு வாங்கினாலும், "நான் இருக்கேன்ல, அப்புறம் என்ன?" என்று ஒரு வார்த்தை. பயணிகளுக்கும் அதே ஆறுதல்தான். வயதானவர்களின் பெட்டி எடை கூடிவிட்டால், பெட்டியில் அடையாள அட்டை கட்டுகிற சாக்கில் கைப்பிடியை லேசாகத் தூக்கிப் பிடிப்பார். மெஷினில் எண் இறங்கும். "பாருங்க, சரியா இருக்கு" என்று முகத்தை அப்பாவியாக வைத்துக்கொள்வார்.

அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. கவுண்டருக்குப் பின்னால் கண்ணாடி கிடையாது. அதனால் காலையில் திறப்பதற்கு முன் இரண்டிரண்டு பேராக எதிரெதிரே நின்றுகொண்டு ஒருவர் காலரை ஒருவர் சரிசெய்வார்கள். இதற்குக் 'கண்ணாடி பார்ப்பது' என்று பேர். தலைவருக்குக் கண்ணாடி, பக்கத்துக் கவுண்டர் அக்கா. வயதில் அவரைவிட மூத்தவர், ஆனால் இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். தலைவர் கழுத்தை முன்னால் நீட்டுவார். அக்கா காலரை இழுத்துவிட்டு, "போங்க தலைவரே, மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க" என்பார். தினமும் அதே வசனம், தினமும் அதே சிரிப்பு.

பிறகு பழைய கம்பெனி இந்த ஊரைவிட்டுக் கிளம்புவதாக அறிவித்தது. ஒருவர் எழுந்திருப்பதற்குள் இன்னொருவர் நாற்காலியில் துண்டு போடுவது போல, மலிவு டிக்கெட் விற்கும் புதுக் கம்பெனி, அந்தக் கவுண்டர்களை எடுத்துக்கொண்டு, விமானங்களையும் கூட்டப்போவதாகச் சொல்லி ஆள் எடுக்க ஆரம்பித்தது. அன்று மாலை என் கடை வாசலில்தான் சங்கத்தின் கூட்டம் நடந்தது. "போனா எல்லாரும் ஒண்ணாப் போவோம். தனித்தனியா எவனும் விண்ணப்பம் போடக்கூடாது. நான் பேசி எல்லாரையும் எடுக்க வைக்கிறேன். நான் இருக்கேன்ல?" என்றார் தலைவர். எல்லோரும் கை தட்டினார்கள். நானும்தான் தட்டினேன்.

அக்கா மட்டும் இடையிடையே வந்து கேட்பார். "கடைசித் தேதி நெருங்குதே தலைவரே?"

"பொறுங்கக்கா, பேசிட்டிருக்கேன்."

அவர் பேசிக்கொண்டுதான் இருந்தார், தனக்காக மட்டும். விண்ணப்பத் தேதி முடிந்த பிறகு ஒரு காலையில் புதுக் கம்பெனியின் பச்சைச் சட்டையில் வந்து நின்றபோது, நீலக் கோட்டுகளின் முகத்தில் ஈயாடவில்லை. ஒருவர்கூடச் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் அவருக்குச் சற்று நிம்மதியாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

காரணம் ஆளுக்கு ஒன்றாகச் சொல்வார். டாக்சிக்காரரிடம் வீட்டுக் கடன் என்பார். காபி விற்கும் பெண்ணிடம் மகளின் படிப்பு. என்னிடம், "சங்கம் வந்து அடுப்பு பத்தவைக்குமான்னு வீட்டுல கேட்டா, நான் என்ன பண்ணட்டும்?" எல்லாமே உண்மைதான். ஆனால் சொல்லும்போது பொய் சொல்கிறவரைப் போலவே கண்ணைத் தாழ்த்திக்கொள்வார். "நான் இருக்கேன்ல" என்பது அதன்பின் அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை. விவரம் தெரியாத துப்புரவு அம்மா இன்னமும் "வணக்கம் தலைவரே" என்று கும்பிடும்போது, சூடு பட்டவர் மாதிரி நகர்ந்துகொள்வார்.

புதுக் கம்பெனி தோளில் மாட்டும் பையைக்கூட எடை போடும். இரண்டு கிலோ கூடினாலும் விடாது. கைப்பிடியைத் தூக்கிப் பிடிக்கும் வித்தையெல்லாம் அங்கே செல்லாது. அவர் வயதில் பாதிகூட ஆகாத மேற்பார்வையாளர் பின்னாலேயே நிற்கிறார். மற்றவர்கள் செல்போனில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்கிற சின்னவர்கள். தலைவரின் மடிந்த காலரை யாரும் கவனிப்பதில்லை. பழைய கம்பெனியின் பெயரைப் பெயர்த்தெடுத்த இடத்தில் கோந்துத் தடம் மட்டும் சுவரில் மிச்சமிருக்கிறது. அதற்குக் கீழேதான் அவர் நாற்காலி.

போன வாரம் அந்த வரிசையில் அக்கா வந்து நின்றார். வேறொரு ஊரில் ஒரு ஹோட்டல் வரவேற்பில் வேலை கிடைத்திருக்கிறது. காலையில் என் கடையில் சொல்லிக்கொண்டு போகத்தான் வந்தார். "அந்த ஊருக்கு வேற பிளேனே இல்லையே, இதுலதானே போயாகணும்" என்று சிரித்தார். எந்தக் கவுண்டர் காலியாகிறதோ அங்கே போக வேண்டும். காலியானது தலைவருடையது.

"வாங்கக்கா" என்றார் அவர்.

"வணக்கம் சார்" என்றார் அக்கா.

தோள்பையை எடை மேடையில் வைத்தார். கூடுதல்தான். தலைவர் திரும்பி மேற்பார்வையாளரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அட்டையை எடுத்துக்கொண்டு குனிந்தார். அவர் விரல்கள் கைப்பிடியில் நுழைவதை நான் இங்கிருந்தே பார்த்தேன். வேலை போனாலும் போகட்டும் என்று அந்த நிமிடம் அவர் துணிந்திருக்க வேண்டும்.

"கையை எடுங்க சார்" என்றார் அக்கா, மெதுவாக. "மெஷின் சொல்றதைச் சொல்லட்டும்."

தலைவர் கையை எடுத்தார். அக்கா பையைத் திறந்து, மேலாக மடித்து வைத்திருந்த நீலக் கோட்டை உருவி, அங்கேயே அதை மாட்டிக்கொண்டார். பொத்தான்களையும் போட்டார். எண் இறங்கியது. எனக்கே உடம்பு கூசியது. புத்தகங்களை அடுக்குகிற பாவனையில் குனிந்துகொண்டேன், ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை.

தலைவர் பையில் அட்டையைக் கட்டிவிட்டு, விமானம் ஏறும் சீட்டை நீட்டினார். அதை வாங்கப் போன அக்காவின் பார்வை அவர் கழுத்தில் விழுந்தது. மடிந்த காலரைப் பார்த்துவிட்டார். அவர் கை தானாகவே கொஞ்சம் உயர்ந்தது. தலைவரும் தன்னை அறியாமல், பழைய வழக்கப்படி, கவுண்டருக்கு மேலே கழுத்தை முன்னால் நீட்டினார்.

அக்காவின் கை சீட்டை மட்டும் எடுத்துக்கொண்டது.

"எந்த கேட் சார்?"

"நாலு" என்றார் தலைவர். அக்கா பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து, கூட்டத்தில் அந்த நீலம் மறையும் வரை, நீட்டிய கழுத்தை அவர் பின்னால் இழுக்கவே இல்லை.